ஆட்டுக்கல் போட்டுப் பிடித்த இடம்

மார்ச் 9, ஞாயிறு

இந்த டைரியைப் பெனிட்டா வாங்கிக் கொடுத்தது பிரஷர் எழுதி வைப்பதற்கு. மாதக் கடைசியில் பக்கங்களைப் போட்டோ பிடித்துக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும் என்பது மகளின் உத்தரவு. இன்றைய எண்ணை எழுதினால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடுவாள். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆராதனை முடியப்போகிற நேரம், சபைச் செக்ரெட்டரி வேதநாயகம் அறிவிப்பு வாசிக்க எழுந்தார். "கல்லறைத் தோட்டம் நெறஞ்சு போச்சு. இனிமே யாரும் இடம் பிடிச்சுப் போடக் கூடாது. போட்டிருக்கிற அம்மி, உரலு, ஆட்டுக்கல்லு எல்லாத்தையும் ஈஸ்டருக்குள்ள அப்புறப்படுத்திரணும். இனி சாவுத வரிசைப்படிதான் இடம்."

ரேஷன் கடைக்கு வரிசை உண்டு, சாவுக்கு வரிசை வைத்த முதல் மனிதர் இவர்தான்.

எங்கள் கிருபைவிளையில் ஒரு வழக்கம். புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் முந்திக்கொண்டால், மிஞ்சியவர் அந்தக் கல்லறைக்குப் பக்கத்திலேயே தனக்கும் இடம் விட்டு, வீட்டில் புழங்கிய கல் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிடுவார். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதே ஏற்பாடுதான். என் வீட்டுக்காரர் குணசீலன் கண்டக்டராக இருந்தவர். அவர் போன மறுமாதமே எங்கள் ஆட்டுக்கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அவருக்கு வலதுபக்கம் வைத்துவிட்டேன். குழவி மட்டும் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது.

அந்த இடத்தைத்தான் விடச் சொல்கிறார்கள். எழுந்து நின்றேன். பி.டி. டீச்சராக இருந்தவளுக்கு மைக் எதற்கு? "வேதநாயகம், என் ஆட்டுக்கல்ல எவனாவது தொட்டான், அப்புறம் நடக்கதே வேற" என்றேன். கோயிலுக்குள்ளே, ஈஸ்டருக்கு முந்தின நோன்பான லெந்து நாளில். ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், அவசரமாக ஆசீர்வாதம் கூறி எல்லாரையும் அனுப்பிவிட்டார்.

மார்ச் 10, திங்கள்

காலையிலேயே ஐயர் குடியிருக்கும் குருமனைக்குப் போனேன், சண்டைக்குத்தான். ஜெபகரன் ஐயர் சின்ன வயசுக்காரர். இந்தச் சபைக்கு வந்து வருஷம்கூட ஆகவில்லை. திட்ட வந்தவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கோயிலுக்கு இது நூற்றைம்பதாவது வருஷம். ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்தில்தான் எங்கள் ஆராதனை. அது முடிந்ததும் கோயிலின் வரலாறும் தோட்டத்தின் வரலாறும் வாசிக்கப்பட வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்ட தமிழய்யா, மகன் வீட்டில் தங்கக் கனடாவுக்குப் போய்விட்டார். வேறு ஆள் இல்லை.

"நான் எழுதுதேன். என் கல்லு அங்கனயே இருக்கும். சரியா?" என்றேன்.

"டீச்சரம்மா, அது எப்படி..."

"அப்ப வேதநாயகத்தை எழுதச் சொல்லுங்க."

ஐயர் தம்ளரைக் கீழே வைத்தார். "எழுதித் தாங்க. கமிட்டிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

ஜெயித்துவிட்டேன். வரும் வழியில் குணசீலனிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஆட்டுக்கல்லில் மழைத்தண்ணீர் காய்ந்த கறை இருந்தது. தேய்த்துக் கழுவினேன்.

மார்ச் 12, புதன்

வரலாறு தெரிந்தவர் யார் என்று கேட்டால் ஊரே அன்னபாக்கியத்தைத்தான் காட்டுகிறது. மிஷன் போர்டிங் சமையற்கட்டில் ஆயுசு முழுக்க வெந்தவர். கல்யாணம் செய்யவில்லை, சொந்தம் என்று ஒருவரும் இல்லை. வயசு கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார். பென்ஷன்காரர்களுக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று. கோயில் கட்டிய வெள்ளைக்காரத் துரையைப் பற்றி அவர் மந்தக் காதில் கத்திக் கேட்டேன்.

"தொரை குதிரயில வந்தாவளா. இந்த இடத்துல வந்ததும் குதிர நின்னுட்டு. அடிச்சும் போவல, தீனி காட்டியும் போவல. சரி, இதான் ஆண்டவர் சித்தம்னு கோயிலக் கெட்டிட்டாவ."

"குதிரைக்குக் கால் வலியா இருந்திருக்கும்."

"இருக்கட்டும். அதுக்குக் கால் வலிச்சதுனாலதான ஒனக்குக் கோயிலு."

எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது கேட்டார்: "ஒன் கல்லுக்கு உத்தரவு வாங்கிட்டியாமே?"

"ஆமா பெரியம்மா."

"எனக்குத் தோட்டத்துக் கடைசியில ஓடக்கரதான். நான் யாரு பக்கத்துல போயிக் கல்லப் போட? ஒத்தக்கட்டயளுக்கு எப்பவும் அங்கனதான். ஐப்பசி வந்தா அங்கன தண்ணி நிக்கும். எனக்கு நெஞ்சுச்சளி வேற."

"செத்த பொறவு என்ன பெரியம்மா சளி?"

"ஈரம் ஈரந்தானளா."

விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் பல்லில்லாத வாயால் சிரித்தார். தெரு முனை தாண்டியதும் ஏனோ சிரிப்பு நின்றுவிட்டது. வெயில் அதிகம்.

மார்ச் 13, வியாழன்

புளிக்குழம்பு, அப்பளம். வரலாறு குதிரையைத் தாண்டி நகரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்றவர்களிடமெல்லாம் விசாரித்தேன். துரை காலராவில் போனார் என்றார் ஒருவர். பலிபீடத்துக்கு அடியில் இருந்த பாம்பு கடித்தது என்றார் இன்னொருவர். பனையிலிருந்து விழுந்து செத்தார் என்று மூன்றாமவர் சத்தியம் செய்யாத குறை. துரை எதற்காகப் பனை ஏறினார் என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

துரையின் பெயர் என்ன என்றால் அத்தனை பேரும் வானத்தைப் பார்க்கிறார்கள். 'தொரை' என்றால் தொரைதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு. தோட்ட வாசலில் இருக்கும் பெரிய கல்லறைதான் துரை கல்லறை. மூலை முடுக்கெல்லாம் மழுங்கி, வெள்ளை எருமை படுத்திருப்பது போல வாசலோரம் கிடக்கும். ஈஸ்டருக்கு முந்தின நாள் வீட்டுக்கு ஒரு வாளி சுண்ணாம்பு கொண்டுவந்து, துரைக்கு ஒரு பூச்சு பூசிவிட்டுத்தான் அவரவர் வீட்டுக் கல்லறைக்குப் போவோம். முதல் பூச்சு வேதநாயகத்தின் வீட்டுக்கு. அது அவர்கள் பரம்பரை உரிமை. பூசிப் பூசிச் சுண்ணாம்பு விரற்கடைக்கு மேல் ஏறிவிட்டது. அடியில் எழுத்து இருக்குமா என்றுகூட யாரும் யோசித்ததில்லை.

சுரண்டிப் பார்த்துவிடுவோம் என்றேன். வேதநாயகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "தொரை மேல கை வைக்கவா? எங்க முப்பாட்டன் காலத்துலேர்ந்து பூசிக்கிட்டு வாரோம்!"

"பூசினவுக பேரு தெரியுது, படுத்திருக்கவரு பேரு தெரியல. இது நல்லாவா இருக்கு?" என்றேன்.

ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உத்தரவு கொடுத்தார்.

மார்ச் 19, புதன்

சுத்தியலும் உளியுமாகத் தோட்டத்துக்குப் போய் ஓங்கி இரண்டு போட்டேன். பொறி பறந்ததுதான் மிச்சம். பின்னாலிருந்து ஒரு குரல்: "டீச்சர், தொரைய உசுப்பி விட்டுறாதிய. இங்கிலீசுல பேசினா யாரு பதில் சொல்லுதது?"

எலியாசர் அண்ணாச்சி. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்து ஓய்வானவர். குணசீலனுக்குப் பின்வரிசையில் அவர் மனைவி ரஞ்சிதத்தின் கல்லறை. தலைமாட்டில் நிற்கும் அரளிக்குத் தண்ணீர் ஊற்ற தினமும் வருவார். எல்லாரும் அம்மியும் உரலும் வைத்தால் இவர் எங்கிருந்தோ ஒரு பழைய நங்கூரத்தைக் கொண்டுவந்து தன் இடத்தில் போட்டிருக்கிறார். செம்மணல் தேரிக்காட்டுக்கு நடுவே நங்கூரம்!

அடித்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும், சாக்கை நனைத்துப் போட்டு ஊறவிட்டுத்தான் சுரண்ட வேண்டும் என்றார். உளியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாக்கோடும் தகட்டோடும் வந்தார்.

"ஒங்க நங்கூரத்துக்கு உத்தரவு வாங்கிட்டியளா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். எடுத்துருவேன். கப்பல் எப்பவும் ஒரே இடத்துலயா நிக்கும்?"

ரோஷம் கெட்ட மனுஷன் என்று நினைத்தேன்.

மார்ச் 22, சனி

மெதுவாகத்தான் வருகிறது. ஒவ்வொரு படலமாகத் தோசை மாதிரி கழன்று விழுகிறது. ஒரு படலத்தில் நீலம் கூடுதல். எந்த வீட்டு வாளியோ. இன்னொன்றில் கோழி நடந்த கால்தடம் அப்படியே பதிந்திருந்தது. ஈரச் சுண்ணாம்பில் ஏறி நடந்திருக்கிறது. யாரோ துரத்தியிருப்பார்கள். எந்த வருஷத்துக் கோழியோ, யார் குழம்பில் முடிந்ததோ என்று எலியாசர் அண்ணாச்சி கவலைப்பட்டார்.

கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்குமா? குணசீலனை எப்படிச் சந்தித்தேன் என்று அவரிடம் சொன்னேன். நான் பி.டி. ட்ரெயினிங் படித்த காலம். ஒருநாள் ஓடி ஏறி இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். வயசான அம்மா ஒருவர் கூடையோடு ஏறினார். கண்டக்டர் நேரே என்னிடம் வந்து, "பெரியவுக நிக்காவ, எந்திரி பிள்ள" என்றார். பஸ்ஸில் இத்தனை பேர் இருக்க நான்தான் எழ வேண்டுமா என்று சண்டை பிடித்தேன். "நீதான் நல்லா நிக்கக்கூடிய ஆளாத் தெரியுத" என்றார். எழுந்தேன். மறுநாளும் அதே பஸ்ஸுக்குக் காத்திருந்தேன், சண்டையை முடிக்க. அந்தச் சண்டை முடிய முப்பத்தைந்து வருஷம் ஆனது.

எலியாசர் அண்ணாச்சி தகட்டை நிறுத்திவிட்டு முழுசும் கேட்டார். பிறகு ரஞ்சிதத்தைப் பற்றி ஒன்று சொன்னார். அதை எழுத வேண்டாம், அவருடையது.

மார்ச் 25, செவ்வாய்

பெனிட்டா போன். "அம்மா, பிரஷர் எவ்வளவு?"

"கல்லறையில வேலையா இருக்கேன், பொறவு பேசுதேன்."

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் அழுதாள்.

மார்ச் 30, ஞாயிறு

சாயங்காலம் தோட்டத்துக்குப் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு போனேன். மற்றவையெல்லாம் துவைக்கக் கிடந்தன. பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டதால் அவருக்கும் ஒரு தம்ளர் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 4, வெள்ளி

எழுத்து! எழுத்து இருக்கிறது! அடிவரியில் ஒரு வருஷம் தெரிகிறது: 1877. என்னையறியாமல் விசில் ஊதிவிட்டேன் (கழுத்தில் தொங்கும் பழைய விசில், பழக்கம்). தெருப் பிள்ளைகளெல்லாம் ஓடிவந்துவிட்டன. ஐயரும் சைக்கிளில் வந்தார். தாது வருஷப் பஞ்சத்தின் நடுவில் என்றார். கோயில் எழும்பி இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும்.

போனில் பெனிட்டாவிடம் சொன்னேன். "அவர்தான் முதல்ல பாத்தார்" என்றேன்.

"அவர்னா யாரும்மா?"

"எலியாசர்."

"போன வாரம் எலியாசர் அண்ணாச்சின்னு சொன்னீங்க."

சிக்னல் சரியில்லை, வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

இன்றைக்கு ஊரில் யாரும் வேலைக்குப் போகவில்லை என்றே சொல்லலாம். முதல் இரண்டு வரியும் தெளிவாக வந்துவிட்டன.

'இவ்விடத்தில் நித்திரையாயிருக்கிறவள்
சுண்ணாம்புக்காரி ஞானப்பூ.'

துரை இல்லை. துரையே இல்லை! ஒரு பெண்பிள்ளை. அதுவும் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளை. வேதநாயகம் பக்கத்துக் கல்லறையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "எங்க முப்பாட்டன், பாட்டன், எங்கப்பா எல்லாரும் ஒரு பொம்பளைக்கா பூசிக்கிட்டு இருந்தாவ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் சம்சாரம், "ஏன், பூசினா கை சுருங்கிப் போவுமோ?" என்றாள். இவ்வளவு காலமும் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அன்னபாக்கியத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினோம். எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். "அப்ப தொரை எங்களா?"

"தெரியலையே பெரியம்மா. கப்பலேறிப் போயிருப்பார்."

"போட்டும். குதிரயும் கூடப் போயிருக்கும்."

சுண்ணாம்புக்காரியின் மேல் ஊரெல்லாம் சேர்ந்து சுண்ணாம்பு பூசிப் பூசியே அவள் பெயரை மறைத்திருக்கிறோம். அதுவும் மரியாதை செய்வதாக நினைத்து! எலியாசரும் நானும் சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறியது.

ஏப்ரல் 9, புதன்

மூன்றாவது வரி: 'இக்கோவிலுக்குச் சுண்ணாம்பு சுட்டாள்.'

கடற்கரையிலிருந்து சிப்பி கொண்டுவந்து சூளையில் சுட்டிருப்பாள். இன்றைக்கும் கோயில் சுவரில் ஆணி இறங்காது. திருமணத் தோரணம் மாட்டப்போய்ச் சுத்தியல் உடைந்த கதைகள் ஊரில் நிறைய. எல்லாம் அவள் சுட்ட சுண்ணாம்பு. சாயங்காலம் தனியாகக் கோயிலுக்குள் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

வருஷத்துக்கு மேலே இன்னும் இரண்டு வரி பாக்கி.

ஏப்ரல் 11, வெள்ளி

கடைசி இரண்டு வரி தெரியவில்லை. எழுத்து தேய்ந்திருக்கிறது. நானும் எலியாசரும் மட்டும்தான் இருந்தோம். அவர் சாக்கைப் போட்டு மூடிவிட்டார். வரலாற்றுக்கு இவ்வளவு போதும்.

ஏப்ரல் 12, சனி

பிரஷர் கூடுதல். கீரை வாங்கினேன், ஆயவில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஊர்வலத்தில் அன்னபாக்கியமும் வந்தார். ஒரு கையில் ஓலை, மறுகையில் என் தோள். பாட்டு நின்ற இடைவெளியில் காதில் கேட்டார்: "மிச்சம் என்னளா எழுதியிருக்கு?"

"தேஞ்சு போச்சு பெரியம்மா."

பக்கத்தில் நடந்த எலியாசர் தன் ஓலையை மடித்து மடித்துக் குருவி செய்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. சாயங்காலம் தோட்டத்துக்கும் வரவில்லை. பிளாஸ்க்கைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

அவர் வீட்டுக்கே போய்விட்டேன். "என் மேல என்ன கோவம்?"

"கோவமா? நான் ஒண்ணுஞ் சொல்லலிய டீச்சர்."

"சொல்லாமத்தான் கொல்லுதிய."

"அது ஒங்க இடம். ஒங்க வரலாறு. நான் சாக்கு நனைச்சுப் போட்டவன்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "நேத்து பெரியம்மா ஒங்ககிட்ட கேட்டத நானும் கேட்டுக்கிட்டுதான் நடந்தேன். அதான் வரல" என்றார்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். பெனிட்டா படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். தேயவில்லை. ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. எல்லாவற்றையும் விடத் தெளிவாக இருப்பவை அந்த இரண்டு வரிகள்தான்.

'தனக்கென்று குறித்த குழியைப்
பரதேசி ஒருவனுக்குக் கொடுத்தாள்.'

பஞ்சத்தில் எங்கிருந்தோ நடந்துவந்து, நம் ஊரில் விழுந்து செத்த எவனோ ஒருவன். தோட்டத்தில் அவனுக்கு இடம் கொடுக்க ஆளில்லை. அப்போதும் ஊர் இடம் பிடித்துத்தான் வைத்திருந்திருக்கிறது. இவள் தன் இடத்தைக் கொடுத்துவிட்டாள். பிறகு இவள் முறை வந்தபோது உள்ளே ஆள் பிடிக்காத இடமே இல்லாமல் வாசலோரம் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் வாசலில் கிடக்கிறாள். பெரிய கல்லறை கட்டிக் கொடுத்தது ஊருக்கு உறுத்தியதால் இருக்கும்.

நன்றாக இருக்கிறது ஞானப்பூ! நூற்றைம்பது வருஷம் வாயைத் திறக்காமல் கிடந்தாய். இன்னும் பத்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா? ஈஸ்டரில் என் வரலாற்றை வாசித்துவிட்டு, என் கல்லைக் காப்பாற்றிக்கொண்டு, பிறகு உன்னைச் சுரண்டியிருப்பேனே. என் கையாலேயே சுரண்டி என் வழக்கைக் கெடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. வெள்ளைப் புடவை, வெறும் வயிறு. முடிந்து கஞ்சி குடித்துவிட்டு, எல்லாரும் போன பிறகு குணசீலனிடம் போய் ஆட்டுக்கல் மேல் உட்கார்ந்தேன்.

அவரோடு பேசினேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? உங்கள் பக்கத்தில் வந்து படுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் இத்தனை நாளும் என்னைத் தைரியமாக நடமாட வைத்தது. காலையில் எழுந்ததும் கட்டிலில் இடதுபக்கம் கை நீட்டுகிறேன். பன்னிரண்டாயிரம் தடவைக்கு மேல் பழகிய கை. இந்த இடமும் கையைவிட்டுப் போனால் நான் எங்கே நீட்டுவது என்று கேட்டேன்.

உயிரோடு இருந்தபோதே டிக்கெட் கொடுக்கிற நேரம் போக அதிகம் பேசமாட்டார்.

வீட்டுக்கு வரும்போது அன்னபாக்கியம் வாசற்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். நின்று பார்த்தேன். "என்னளா பாக்க?" என்றார். "ஒண்ணுமில்ல பெரியம்மா" என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

வெள்ளையடிப்பு. வீட்டுக்கு ஒரு வாளி. ஞானப்பூவுக்கு என்ன செய்வது என்று எல்லாரும் தயங்கி நின்றார்கள். சாக்கு இன்னும் கடைசி வரிகளை மூடிக்கிடந்தது. வேதநாயகம் முன்னால் வந்து, மட்டையைச் சுண்ணாம்பில் முக்கிப் பக்கவாட்டில் முதல் பூச்சு பூசினார். எழுத்து இருக்கும் முகத்தை விட்டுவிட்டார். ஓரத்தில் ஒரு சொட்டு தெறித்ததைத் தன் வேட்டியாலேயே துடைத்தார். அந்த மனுஷன் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

வரலாற்றைத் திருத்தி எழுதிவிட்டேன். எலியாசர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "முடிச்சாச்சா டீச்சர்?" என்றார். "முடிச்சாச்சு" என்றேன். எப்படி முடித்திருக்கிறேன் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

இருட்டு பிரியுமுன்பே ஊர் முழுக்கத் தோட்டத்தில். ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவர்த்தி, கனகாம்பரம், பிச்சிப்பூ. கிழக்கே தேரிமணல் சிவக்கத் தொடங்கும்போது பாட்டை எடுத்தோம். வருஷத்தில் இந்த ஒரு காலைதான் செத்தவர்களும் நாமும் ஒரே கூட்டமாக இருப்பது. எனக்கு எப்போதும் இது பிடிக்கும்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் என்னைக் கூப்பிட்டார். மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு வாசித்தேன். குதிரையைச் சொன்னேன், கால் வலியையும் சொன்னேன். சிரித்தார்கள். பெயர் தெரியாத துரையைச் சொன்னேன். சிப்பி, சூளை, ஆணி இறங்காத சுவர் எல்லாம் வந்தது. பிறகு எலியாசரைப் பார்த்தேன். அவர் போய்ச் சாக்கை எடுத்தார். கடைசி இரண்டு வரியைக் கல்லைப் பார்த்தே வாசித்தேன்.

"இது தேஞ்சு போச்சுன்னு நான் ஒருத்தர்ட்டப் பொய் சொன்னேன். தேயல. பெரியம்மா, இங்க வாங்க" என்றேன்.

விசில் ஊதினேன். என்னிடம் படித்த தடியன்கள் நான்கு பேர் பழக்க தோஷத்தில் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். "கல்லத் தூக்குங்கல" என்றேன். ஆட்டுக்கல் அசைந்து எழுந்தது. அடியில் ஈரமண்ணும் ஒரு மரவட்டையும்தான் இருந்தன.

அன்னபாக்கியத்துக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அழுவார் என்று எதிர்பார்த்தேன். எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ கம்பை ஊன்றிக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றிவந்தார். குனிந்து மண்ணை அள்ளிப் பார்த்தார். மேடுதானா என்று ஓடைப்பக்கம் திரும்பி அளந்தார். வேப்பமரத்து நிழல் மத்தியானத்தில் எந்தப் பக்கம் விழும் என்று விசாரித்தார். கடைசியில் மெல்ல அந்த இடத்திலேயே உட்கார்ந்து, குணசீலன் கல்லறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"கொறட்ட விடுவானா?"

"விடுவாக பெரியம்மா. நல்லாவே விடுவாக."

"போட்டும். எனக்குத்தான் காது கேக்காதே."

தோட்டமே சிரித்தது. ஐயர் ஆசீர்வாதத்தை இரண்டாம் முறை கூற வேண்டியதாயிற்று. சிரித்துக்கொண்டே இருந்தவள் குணசீலன் பெயரைக் கல்லில் பார்த்தேன். அவ்வளவுதான், கண் நிறைந்துவிட்டது. பெரியவுக நிக்காவ, எந்திரி பிள்ள. எந்திரிச்சுட்டேன், போதுமா? இந்தத் தடவை சண்டை பிடிக்காமல் எழுந்தேனா என்றால், அதுவும் இல்லை. பிடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஒவ்வொருவராகக் கல்லை எடுக்க ஆரம்பித்தார்கள். வேதநாயகம் வீட்டு அம்மி மட்டும் மத்தியானம்வரை அசையவில்லை. அவர் சம்சாரம் வந்து ஒரு பார்வை பார்த்த பிறகு அசைந்தது.

ஆட்டுக்கல்லும் நங்கூரமும் ஒரே கைவண்டியில் வந்தன. எலியாசர் தள்ளினார், நான் கூட நடந்தேன். தேரிமணலில் சக்கரம் புதைந்து புதைந்து எழுந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டார்: "இப்ப இடம் போச்சே டீச்சர். நீங்க எங்க எறங்குவிய?"

"இப்போதைக்கு எறங்குததா இல்ல" என்றேன்.

அவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இதற்குமுன் நான் பார்த்ததில்லை.

ஆட்டுக்கல்லைக் கழுவி அடுக்களையில் போட்டாயிற்று. கதவுக்கு முட்டுக் கொடுத்த குழவி திரும்பவும் தன் குழிக்குள் உட்கார்ந்துவிட்டது. கதவு இப்போது காற்றுக்குத் தானாகத் திறந்துகொள்கிறது. நாளைக்கு இட்லிக்கு உளுந்து ஊறப் போட்டிருக்கிறேன். ஒருத்திக்கு இவ்வளவு வேண்டியதில்லை.

பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன்.